மருந்து ஆய்வில் சேரலாமா? சிறுநீரக நோயாளியும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மஃக்ரிப் தொழுகை முடிந்து டிரஸ்ட் அலுவலகத்தைத் திறக்கப் போனபோது ஒரு தாயும் மகனும் வாசலில் காத்திருந்தார்கள். மகனுக்கு 27 வயது. ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. வேலையிடத்தில் நடந்த உடல் பரிசோதனையில் அவருக்குச் சிறுநீரில் புரதம் போவது தெரிந்திருக்கிறது. பெங்களூருவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். பயாப்சி எடுத்துப் பார்த்து, ஐஜிஏ நெஃப்ரோபதி என்று சொல்லிவிட்டார்கள். இந்த நோய்க்கு ஒரு புதிய மருந்தை ஆய்வு செய்து வருவதாகவும், விருப்பம் இருந்தால் சேரலாம் என்றும் சொல்லி, டாக்டர் பதினைந்து பக்கக் காகிதம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"பாய், என் புள்ள என்ன எலியா? அவன் மேலயா மருந்தைச் சோதிச்சுப் பாப்பாங்க?" என்று அந்தத் தாய் கேட்டார். மகன் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை மேசை மேல் வைத்தார். பாதி ஆங்கிலம், பாதி கன்னடம். வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படித்த பிள்ளை. நான்கு நாளாக அந்தக் காகிதம் பையிலேயே இருந்திருக்கிறது, ஒரு வரியும் படிக்கப்படாமல்.

'வேண்டாம், போகாதே' என்ற சொல் எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. ஏனென்றால் சுமார் எட்டு ஆண்டுகளுக்கு முன் இதே மேசைக்கு இதே போன்ற காகிதத்தோடு வந்த ஒரு சகோதரரிடம், அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அவர் ஆய்வை மட்டும் விடவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். பிரஷர் மாத்திரையும் நின்றது. இன்று அவருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அந்த ஆய்வு மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அது அவருக்குக் கிடைத்திருக்குமா என்பதே தெரியாது. ஆனால் எனக்குத் தெரியாத விஷயத்தில் நான் சொன்ன ஒரு சொல்லுக்கு அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவன் நான். அதனால்தான் இம்மாதப் பாடமாக இதை எடுத்துக்கொண்டேன்.

நோயைப் பற்றிச் சில வார்த்தைகள்

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. மூக்கு, தொண்டை, குடல் வழியாக வரும் கிருமிகளைத் தடுக்க உடம்பு ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. சிலருக்கு அதன் அமைப்பில் சிறு குறை ஏற்பட்டு, அது கட்டிக் கட்டியாகச் சேர்ந்து அந்த வடிகட்டிகளில் போய்ப் படிந்துவிடுகிறது. படிந்த இடம் வீங்கி, நாளடைவில் தழும்பாகிவிடும். தழும்பான வடிகட்டி திரும்ப வேலை செய்யாது. 1968ஆம் ஆண்டு பாரிஸில் ஜான் பெர்ஜே, நிக்கோல் ஆங்கிலே என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயை முதன்முதலாக விவரித்தார்கள்.

இதில் வலி இருக்காது. சளி, தொண்டைவலி வந்த ஓரிரு நாளில் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போகலாம். நுரை அதிகமாக இருக்கலாம். இளவயதிலேயே ரத்த அழுத்தம் வரலாம். பலருக்கு இந்த அடையாளங்கள்கூடத் தெரிவதில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் கூடித் தெரியும்போது சிறுநீரகத்தின் திறனில் பெரும்பகுதி போயிருக்கும். 20, 30 வயதில், குடும்பத்தைத் தாங்கும் வயதில் வருகிற நோய் இது. வேலூர் சிஎம்சி மருத்துவமனை, இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, இந்நோய் உள்ள 201 பேரைப் பதிவு செய்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்திருக்கிறது. நம் மக்களிடம் இந்நோய் எப்படிப் போகிறது என்று அறியவே அந்த முயற்சி. ஆக இது எங்கோ வெளிநாட்டில் உள்ள நோய் அல்ல.

ஒரு மருந்து எப்படிச் சோதிக்கப்பட்டது

'ஆய்வு' என்றால் என்ன என்று விளங்க, நடந்து முடிந்த ஓர் ஆய்வையே பார்ப்போம். அதன் பெயர் 'டெஸ்டிங்'. சீனாவின் பெக்கிங் பல்கலைக்கழக முதல் மருத்துவமனையும் ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து நடத்தியது. சீனா, ஆஸ்திரேலியா, கனடா, மலேசியா நாடுகளோடு நம் இந்தியாவிலும் நடந்தது. 2012 மே மாதம் முதல் 2019 நவம்பர் வரை 503 பேர் சேர்க்கப்பட்டார்கள்.

கேள்வி எளிமையானது. மெத்தில்பிரட்னிசொலோன் என்பது பல காலமாக வேறு நோய்களுக்குக் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரை. விலையும் குறைவு. அதைச் சில மாதங்கள் கொடுத்தால் ஐஜிஏ நோயாளியின் சிறுநீரகம் பிழைக்குமா? இந்தக் கேள்விக்கு மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சிலர் கொடுத்தார்கள், சிலர் ஆபத்து என்று தவிர்த்தார்கள். இப்படிப் பெரியவர்களுக்கே உறுதியாகத் தெரியாதபோதுதான் ஆய்வு நியாயமாகிறது. பலன் நிச்சயம் என்று தெரிந்த மருந்தை ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுப்பது ஆய்வு அல்ல, அநியாயம்.

சேர்ந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் குறைந்தது மூன்று மாதம் முறையான பிரஷர் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். அப்படியும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் போனவர்களை மட்டும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு. மறு பிரிவுக்கு அதே தோற்றத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. பிரஷர் மருந்து இரு பிரிவுக்கும் தொடர்ந்தது.

பாதி வழியில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. 262 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2015 நவம்பரில், புதிதாகச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஸ்டீராய்டு பிரிவில் 136 பேரில் 20 பேருக்குக் கடுமையான பாதிப்பு. வெற்று மாத்திரைப் பிரிவில் 126 பேரில் 4 பேருக்கு மட்டும். பெரும்பாலும் கிருமித்தொற்று, அதில் இருவர் இறந்தும் போனார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். ஆய்வை வெளியிலிருந்து கண்காணிப்பதற்கென்றே இருந்த தனிக் குழு எண்ணிக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இது தெரிந்தது.

அதன் பின் அளவைக் குறைத்தார்கள். முதலில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 48 மில்லிகிராம். பிறகு அதிகபட்சம் 32. நுரையீரலைத் தாக்கும் ஒரு வகைத் தொற்றைத் தடுக்கும் மாத்திரையும் கூடவே கொடுத்தார்கள். இப்படி மேலும் 241 பேரைச் சேர்த்து ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

முடிவு 2022இல் வெளியானது. சராசரியாக நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் கவனித்ததில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குச் சிறுநீரகத்தின் திறன் பெருமளவு குறைந்தது அல்லது முற்றிலும் செயலிழந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் நூற்றுக்கு 29 பேருக்கு. கடுமையான பாதிப்பு மொத்தத்தில் வெற்று மாத்திரைப் பிரிவில் நூற்றுக்கு 3 பேருக்கு, ஸ்டீராய்டு பிரிவில் 11 பேருக்கு. குறைந்த அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களை மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 5 பேருக்கு.

இந்த எண்களைச் சற்று நின்று படியுங்கள். மருந்து பலன் தந்தது உண்மை. மருந்து பெற்றும் நூற்றுக்கு 29 பேர் கீழே போனதும் உண்மை. மருந்தால் சிலர் பாதிக்கப்பட்டதும் உண்மை. மூன்றையும் மறைக்காமல் எழுதியதுதான் அந்த ஆய்வின் மதிப்பு. குறைந்த அளவு போதும், தடுப்பு மாத்திரை சேர்த்துக் கொடு என்ற அறிவு இன்றைய நோயாளிக்குக் கிடைத்தது, அன்று சேர்ந்த அந்த 503 பேரால்தான்.

வெற்று மாத்திரை ஏமாற்று இல்லையா?

இதை அந்தத் தாயும் கேட்டார். நியாயமான கேள்வி.

வியாபாரத்தில் சரக்கின் குறையை மறைத்து விற்றால் அது மோசடி. குறையைச் சொல்லி, வாங்குபவர் தெரிந்தே சம்மதித்தால் மோசடி இல்லை. ஆய்வில் சேருமுன்பே, 'உனக்கு மருந்தும் கிடைக்கலாம், வெற்று மாத்திரையும் கிடைக்கலாம், குலுக்கல்தான் தீர்மானிக்கும்' என்று சொல்லிவிட வேண்டும். அது காகிதத்தில் இருக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால்தான் ஏமாற்று. வெற்று மாத்திரை பெறுபவருக்கும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை.

திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தில் கடன் ஒப்பந்தத்தை எழுதிக்கொள்வது பற்றியது என்பது நம்மில் பலர் அறிந்ததே. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், சாட்சி வேண்டும், இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் பேச வேண்டும் என்றெல்லாம் அதில் வழிகாட்டல் உண்டு. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்கே இவ்வளவு கவனம் என்றால், உடம்பு என்கிற அமானத்தைக் குறித்த ஒப்பந்தத்துக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

பயத்துக்கும் காரணம் உண்டு

நம் மக்கள் பயப்படுவதை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். 2009–10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளி வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. பல இடங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே சம்மதக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றக் குழு 2013இல் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஏழை வீட்டுப் பிள்ளைகளின் சம்மதத்தை வேறு யாரோ கொடுத்ததுதான் அங்கே நடந்த தவறு.

இத்தகைய நிகழ்வுகளுக்கும் உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கும் பிறகு, 2019 மார்ச்சில் மத்திய அரசு புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளைக் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு ஆராய்ந்து அனுமதிக்க வேண்டும். குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரணப் பொதுமகன் கட்டாயம். தொண்டு நிறுவனப் பிரதிநிதியோ, மார்க்க அறிஞரோகூட உறுப்பினராகலாம் என்று விதி சொல்கிறது. நம் ஆலிம்களும் படித்த இளைஞர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வெளியே நின்று சந்தேகப்படுவதைவிட உள்ளே அமர்ந்து கேள்வி கேட்பது சிறந்தது.

ஆய்வில் சேர்ந்தவருக்கு உடல் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தர வேண்டும். அது ஆய்வினால் வந்தது என்று முடிவானால் இழப்பீடும் தர வேண்டும். எல்லா மருந்து ஆய்வுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 ஜூன் முதல் இது கட்டாயம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. எனக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் காகிதம் இருக்கிறதா? எல்லைப்பகுதியில் வாழும் நமக்கு இதுதான் முதல் கேள்வி. பெங்களூரு போனால் கன்னடமும் ஆங்கிலமும். நமக்குத் தமிழோ உருதுவோ வேண்டும். விளங்கும் மொழியில் கேட்பது நம் உரிமை, சலுகை அல்ல. படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னிலையில் படித்துக் காட்ட வேண்டும்.

2. நான் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? சேராததால் டாக்டர் கைவிடக் கூடாது.

3. வெற்று மாத்திரைப் பிரிவு உண்டா? அதில் விழுந்தாலும் இப்போதைய மருந்துகள் தொடருமா?

4. இதற்கு முன் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு என்னென்ன பாதிப்பு வந்தது? காய்ச்சல் வந்தால் நடு இரவில் யாரை அழைப்பது?

5. எத்தனை முறை வர வேண்டும்? பஸ் செலவு யார் தருவார்கள்? ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஆய்வு மருந்துக்கே யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்தி விசாரியுங்கள்.

6. இடையில் விலகலாமா? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி விலகுங்கள். ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

7. பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் காகிதத்தில் உள்ளதா? கையெழுத்திட்ட நகல் ஒன்று எனக்குக் கிடைக்குமா?

இத்தோடு நமக்கென்று ஒரு கேள்வியும் உண்டு. ரமழானில் மாத்திரை நேரத்தை என்ன செய்வது? இதை டாக்டரிடமும் ஆலிமிடமும் முன்கூட்டியே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தாமாகவே மாத்திரையை விட்டுவிட்டு ஆய்வாளரிடம் மறைப்பது, தமக்கும் கேடு, ஆய்வின் உண்மைக்கும் கேடு.

ஆய்வில் சேராதவர்களுக்கு

எல்லோருக்கும் ஆய்வு வாய்ப்பு வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை. முன்பு மற்றவர்கள் சேர்ந்த ஆய்வுகளின் பலன் இன்று நம் ஊர் மருந்துக் கடையிலேயே இருக்கிறது. ஓர் உதாரணம். சர்க்கரை நோய்க்கு வந்த டாபாகிளிஃப்லோசின் மாத்திரை சிறுநீரகத்தையும் காக்குமா என்று இந்தியா உட்பட 21 நாடுகளில் 4,304 பேரிடம் ஆய்வு நடந்தது. 2020 மார்ச்சில் அதையும் பாதியில் நிறுத்தினார்கள். இம்முறை காரணம் நேர்மாறானது. பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டது, இனியும் சிலருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது சரியல்ல என்பதே காரணம். அதில் சுமார் 270 பேர் ஐஜிஏ நோயாளிகள். அவர்களில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு நிலைமை மோசமானது, மருந்து பெற்றவர்களில் 4 பேருக்கு. அதே 2020இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கி விலையும் இறங்கியது. ஆனால் டாக்டர் எழுதாமல் இதை யாரும் வாங்கிச் சாப்பிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முதல் படி, நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிவைக்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி வரும் அந்த ஊழியரிடம் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம் பாருங்கள். சில நிமிட வேலை. நைட் ஷிஃப்ட் முடித்து உடல்வலி என்று தினமும் வலி மாத்திரை போடும் பழக்கத்தை விடுங்கள்.

அந்த இளைஞர்

அன்று அவரிடம் ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினோம். ஆஸ்பத்திரியில் கோபிப்பார்களோ என்று பயந்து போனவருக்கு, இரண்டு வாரத்தில் தமிழ்ப் படிவம் கிடைத்தது. அதை வீட்டில் உரக்கப் படித்து, தாய்க்கு உருதுவில் சொல்லியிருக்கிறார். தாய் பக்கத்தில் அமர்ந்திருக்க, யோசித்துத்தான் கையெழுத்திட்டார். இப்போது மாதம் ஒரு முறை ஓசூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வருகிறார். அவர் சாப்பிடுவது மருந்தா வெற்று மாத்திரையா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாலும் அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும். படித்து, கேட்டு, யோசித்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்றவர்கள் நாம். கட்ட வேண்டிய கயிறு இங்கே அந்தக் காகிதம்.

இப்படிப்பட்ட காகிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால், கையெழுத்துப் போடுமுன்னும், கிழித்துப் போடுமுன்னும், டிரஸ்ட் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஆள் இருப்பார்கள். முடிவை நாங்கள் சொல்ல மாட்டோம். உட்கார்ந்து சேர்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. பிறர் நலனுக்காகத் தம் உடலால் ஊழியம் செய்தவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆமீன்.

– செயலாளர்